பெயர் சொல்லாத மனிதனும் பெயர் கற்ற சிறுவனும்

1989இல் நான் ஊரைவிட்டு வந்தபோது கையிலிருந்த கடவுச்சீட்டில் இருந்தது வேறொருவனின் பெயர். ஏஜென்சிக்காரர் தந்த அந்தப் பெயரையும் பிறந்த திகதியையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் இரண்டு நாட்கள் இருந்து பாடமாக்கினேன். நித்திரையில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்லவேண்டும் என்பது கட்டளை. கனடாவில் இறங்கி அகதி விண்ணப்பத்தில் சொந்தப் பெயரை எழுதியபோது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் இங்கே என்னை அழைப்பது அப்பாவின் பெயரால். கடைசியில் எழுதுவது குடும்பப் பெயர் என்பது இவர்களின் கணக்கு. ஊரில் அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இங்கு வைத்தியரின் வாசலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பவன் நான்.

பல வருடங்களுக்கு முன், என் மகள் பன்னிரண்டு வயதில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். படித்து முடித்த இரவு கேட்டாள்: "அப்பா, என்ரை உண்மையான பெயர் எது? பள்ளிக்கூடத்திலை கூப்பிடுறதோ, அம்மம்மா கூப்பிடுறதோ?" அந்தக் கேள்விக்காகவே நானும் அதை எடுத்துப் படித்தேன். அது உர்சுலா கே. லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஒவ் ஏர்த்சீ'.

கதை எண்ணற்ற தீவுகளைக் கொண்ட ஒரு கற்பனை உலகில் நடக்கிறது. கொன்ட் என்ற மலைத்தீவில் வெண்கலக் கொல்லனின் மகன் டுனி. தாய் இல்லாதவன், ஆடு மேய்ப்பவன். ஒருநாள் பெரியம்மா ஆட்டை அழைக்க முணுமுணுத்த சொற்களைக் கேட்டு, பொருள் தெரியாமலே தானும் சொல்கிறான். ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்கிச் சூழ்ந்துகொள்கின்றன. வரவழைக்கத் தெரிந்தவனுக்கு அவற்றை விடுவிக்கத் தெரியவில்லை. பயந்து அழுகிறான். நாவலின் முழுச் சிக்கலும் இந்தச் சிறு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது. பின்னர் கார்க் என்ற வெள்ளைத்தோல் படையினர் கிராமத்தைக் கொள்ளையிட வரும்போது, அதே பயிற்சியில்லாத சிறுவன் மூடுபனியை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுகிறான். ஆனால் அதன்பின் பேச்சு மூச்சற்றுக் கிடக்கிறான். ஓகியன் என்ற முதிய மந்திரவாதி வந்துதான் அவனை மீட்கிறார். பதின்மூன்றாவது வயதில் 'கெட்' என்ற உண்மைப் பெயரைச் சூட்டுபவரும் அவர்தான். அது ஊருக்குச் சொல்லும் பெயரல்ல. உயிரைக் கொடுக்கும் நட்புள்ளவரிடம் மட்டும் சொல்வது. ஊருக்கு அவன் 'ஸ்பரோஹோக்'.

இந்தச் சிறுவன் எப்படிப் பிறந்தான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லெ குவின் 1929இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் பிறந்தவர். 1967இல் அந்நகரின் சிறிய பதிப்பகமான பார்னஸஸ் பிரஸ்ஸின் ஹேர்மன் ஷைன், பதின்ம வயதினருக்கு ஒரு நாவல் எழுதித் தரும்படி கேட்டார். அந்த வயதினருக்கு அவர் அதுவரை எழுதியதில்லை. ஏர்த்சீத் தீவுகளும் பெயர்களின் சட்டமும் 1964இல் அவர் எழுதிய இரு சிறுகதைகளில் ஏற்கெனவே தலைகாட்டியிருந்தன. இப்போது அவருக்கு எழுந்தது ஓர் எளிய கேள்வி. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் வெள்ளைத்தாடிக் கிழவர்கள். அந்தத் தாடி முளைக்கமுன் அவர்கள் யார்? அந்தப் பயங்கரமான கலையை எங்கே, எப்படிக் கற்றார்கள்? 1973இல் எழுதிய கட்டுரையொன்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது இப்படித்தான். ஹரி பொட்டர் நாவல்களில் முதலாவது வெளிவந்தது 1997இல். அதற்கு 29 ஆண்டுகள் முந்தியது இது.

ரோக் தீவிலுள்ள அந்தப் பள்ளியின் மிகக் கடினமான பாடம் பெயர்களைக் கற்பது. தனித்த கோபுரமொன்றில் பெயர்களின் ஆசான் பட்டியல்களை எழுதிக் கொடுப்பார். நள்ளிரவில் மை மறைந்துவிடும், அதற்குள் பாடமாக்கவேண்டும். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது அதிகாரம். கெட் இந்தப் பொறுமையைக் கற்றுமுடிக்குமுன் செருக்கில் ஒரு பந்தயத்துக்காக இறந்தவளொருத்தியை அழைக்கிறான். அந்தப் பிளவின் வழியே பெயரில்லாத நிழலொன்று உலகுக்குள் வந்துவிடுகிறது. பிளவை மூட முயன்ற முதுபெரும் ஆசான் உயிரை விடுகிறார். கெட் முகத்தில் தழும்புடன் பிழைக்கிறான். மிகுதி நாவல் முழுவதும் அந்த நிழலுக்கு அவன் ஓடுவதும், பின்னர் திரும்பி அதைத் தேடிப் போவதும்தான்.

பெயரை மறைப்பது மந்திரக் கதைகளுக்குப் புதிய விடயமல்ல. பல மக்களிடம் இந்த வழக்கம் உண்டு. ஆனால் லெ குவின் பிறந்த குடும்பத்தின் கதையை அறிந்தால், இந்தச் சட்டம் வேறொரு கனத்துடன் தெரியும்.

அவரது தந்தை அல்பிரட் குரோபர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மானிடவியலாளர். 1911 ஓகஸ்டில் ஓரோவில் என்ற ஊரில், இறைச்சிக்கு மாடு வெட்டும் இடத்தின் அருகே, ஏறத்தாழ ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதரொருவர் பசியால் ஒடுங்கிய நிலையில் பிடிபட்டார். யாஹி இனத்தின் கடைசி மனிதர் அவர். 1849இல் தங்கம் தேடிப் பெருந்திரளாக வந்தவர்களுக்குப் பின் அவரது மக்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1860களின் படுகொலைகளில் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். எஞ்சிய ஒருசிலர் நாற்பது ஆண்டுகள் மலைப் பள்ளத்தாக்கில் மறைந்து வாழ்ந்தார்கள். 1908இல் அளவையாளர்கள் அந்த மறைவிடத்தைக் கண்டு, கூடைகளையும் கருவிகளையும் எடுத்துச் சென்றார்கள். அதன்பின் அவர் தனியன்.

குரோபரும் சகாக்களும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டார்கள். தன் பெயரைத் தானே அந்நியரிடம் சொல்வது அவரது மக்களின் வழக்கமல்ல. அவருக்காகச் சொல்லக்கூடிய உறவினர் ஒருவரும் உயிருடன் இல்லை. குரோபர் 'இஷி' என்று அழைத்தார். யானா மொழியில் அதன் பொருள் 'மனிதன்'. நாலரை ஆண்டுகள் அவர் அந்த அருங்காட்சியகத்திலேயே வாழ்ந்தார். அம்பு செய்வதைப் பார்க்கச் சனம் திரண்டது. 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். உடலை வெட்ட வேண்டாம் என்று நியூயோர்க்கில் இருந்த குரோபர் எழுதியும் அது நடந்துவிட்டது. பின்னர் அவரது மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியவரும் அதே குரோபர்தான். 2000ஆம் ஆண்டில்தான் அது அவரது உறவு இனத்தவரிடம் திரும்பியது. 2021இல் பேர்க்லிப் பல்கலைக்கழகம் குரோபரின் பெயரைக் கட்டடமொன்றிலிருந்து நீக்கியது. எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்ன இஷி, தன் சொந்தப் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

லெ குவின் பிறந்தது இஷி இறந்து 13 ஆண்டுகளின் பின். இஷியின் வாழ்க்கையை 1961இல் நூலாக எழுதியவர் அவரது தாயார் தியடோரா குரோபர். அதற்கு ஏழு ஆண்டுகளின் பின் மகளின் நாவல். ஒன்றிலிருந்து மற்றது நேரே பிறந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் பிறருக்குப் பெயரிடுவது எத்தகைய அதிகாரம், தன் பெயரைத் தன்னிடமே வைத்திருப்பது எத்தகைய சுதந்திரம் என்ற இரண்டையும் அந்தக் குடும்பத்தின் கதை தாங்கியிருந்தது. நாவலும் அவற்றையே பேசுகிறது.

கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனது நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளையர்கள் இங்கே கடல்கடந்து வரும் கொள்ளையர். 1968இல் அமெரிக்காவில் ஒரு சிறுவர் நாவலில் இதைச் செய்வது சிறிய காரியமல்ல. ரூத் ரொபின்ஸ் வரைந்த முதற்பதிப்பின் அட்டையில் கெட் தன் நிறத்துடன் இருந்தான். பின்வந்த அட்டைகள் பலவற்றில் அவன் வெளுத்துப் போனான். 2004இல் வந்த தொலைக்காட்சி நாடகத்தில் அவனாக நடித்தவர் ஒரு வெள்ளை இளைஞர். இரகசியப் பெயரும் ஊர்ப் பெயரும்கூட அதில் இடம்மாறிப் போயின. லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். 2018இல் இறக்கும்வரை இந்த வெளுப்பை அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை.

எமக்கு இந்தச் சட்டம் கற்பனையல்ல. வீட்டில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர், இயக்கத்துக்குப் போனவர்களுக்கு வேறொரு பெயர். அவர்களில் பலரின் சொந்தப் பெயரை ஊர் அறிந்தது மதிலில் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டியில்தான். கையில் ஆற்றல் வந்து, அதை அடக்கும் கல்வி வரமுன்னே களத்துக்குப் போன பிள்ளைகளின் தலைமுறை எங்களுடையது. அதனாலேயே ஆடுகளின் நடுவே நின்று அழும் அந்தச் சிறுவனை என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

நாவலின் முடிவில் கெட் நிழலைக் கடலின் எல்லையில் சந்திக்கிறான். வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. தன் சொந்தப் பெயரையே அதற்கும் சொல்லி, அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறான். படித்து முடித்தபோது ஏஜென்சிக்காரர் தந்த பெயர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெயருக்குரியவன் இருக்கிறானா, கடவுச்சீட்டை விற்றானா, தொலைத்தானா, யாரோ பறித்தார்களா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவன் பெயரில்தான் உயிர் தப்பினேன். பிள்ளைகளிடம் அதைச் சொன்னதில்லை.

மகளின் கேள்விக்கு அன்று "ரெண்டும் உன்ரை பெயர்தான், படு" என்றேன். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. அடுத்தமுறை வரும்போது அந்த மூன்றாவது பெயரையும் சொல்லவேண்டும். பிறந்த திகதியுடன் இன்னும் பாடம்.