கவுண்டர் இரண்டு, கேட்பவர் பலர்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நான் பிழைக்கும் தொழிலிலிருந்தே ஒரு குட்டிச் சரித்திரம் சொல்கிறேன்.

ஒரு புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது? அதைக் கண்டுபிடிக்க பிராசஸருக்குள்ளேயே கவுண்டர்கள் உண்டு. இத்தனை கிளாக் சைக்கிள் ஆயிற்று, இத்தனை முறை கேஷில் தகவல் கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 1993-ல் வந்த இன்டெல் பென்டியத்தில் அவை இரண்டே இரண்டு. சண்டைக்கு வேறென்ன வேணும்?

லினக்ஸ் கர்னலில் 2002-ல் ஓப்ரொஃபைல் என்ற அளவைக் கருவி சேர்ந்தது. ஆனால் மெஷின் உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் என்.எம்.ஐ. வாட்ச்டாக் என்ற காவல்காரனுக்கும் ஒரு கவுண்டர் தேவைப்பட்டது. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே போகணும்! அளக்கும் நேரத்தில் மெஷின் மாட்டிக்கொண்டால் சொல்ல ஆளில்லை. 2006-ல் கவுண்டர்களைத் தனித்தனியே பிடித்துவைக்கும் ஏற்பாடு வந்தது. பஸ் சீட்டில் துண்டு போடுகிற கதைதான். பிந்தி வந்தவருக்கு இடமில்லை.

இதற்கிடையே ஸ்டெஃபான் எரானியன், எல்லாருக்கும் பொதுவாகப் பெர்ஃப்மான்2 என்ற ஏற்பாட்டைப் பல வருஷம் உழைத்து உருவாக்கிக்கொண்டிருந்தார். 2008 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் வேறு வழி சொன்னார்கள். கருவிகள் கவுண்டரைத் தொடவே வேண்டாம். எதை எண்ணணும் என்று கர்னலிடம் கேட்டால் போதும். கவுண்டர் பத்தாவிட்டால், வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுகிற மாதிரி கர்னலே மாற்றி மாற்றிக் கொடுக்கும். யாருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்ற கணக்கும் வைத்திருக்கும்.

2009 செப்டம்பரில், 2.6.31 பதிப்பில் அது சேர்ந்தது. அதுதான் இன்றைய பெர்ஃப். பெர்ஃப்மான்2 வெளியிலேயே நின்றுவிட்டது. எரானியன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பிற்பாடு பெர்ஃபுக்கே நிறைய வேலை செய்தார். எனக்கு இந்தச் சரித்திரத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். 2010-ல் வாட்ச்டாக்கும் பெர்ஃப் வழியாகவே கவுண்டர் வாங்க ஆரம்பித்தது. ஓப்ரொஃபைலின் பழைய கர்னல் பகுதி 2021-ல் நீக்கப்பட்டது.

மாணவர்களே, கவனியுங்கள். இரண்டும் நல்ல கருவிகள்தான். தனியாக ஓடினால் இரண்டுமே சரியாக ஓடும். பொதுச்சொத்தைப் பங்கு பிரிக்க நடுவர் இல்லாததுதான் கோளாறு. இப்பவும் பல மெஷின்களில் வாட்ச்டாக் ஒரு கவுண்டரை விடாமல் பிடித்திருக்கும். உங்கள் அளவையில் ஒரு கவுண்டர் குறைந்தால், முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.