சாட்சி சொன்னால் சாதி விலக்கு!



எங்க ஊர் ஆரம்பாக்கம். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் 'ஊர்க் கட்டுப்பாடு' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரியில் எந்தப் பாடு யாருக்கு என்று ஊர் கூடி முடிவு செய்யும், மீறக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே மாதிரி ஒரு கட்டுப்பாடு உண்மையை மறைக்கப் பயன்பட்டால்? 1861-ல் பம்பாயில் அதுதான் நடந்தது.

கர்சன்தாஸ் மூல்ஜி என்று ஒருவர். மாணவராக இருந்தபோது விதவை மறுமணத்தை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் தெரிந்ததும், அவரை வளர்த்த உறவுக்காரப் பெண்மணியே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். ஆனாலும் ஆள் அடங்கவில்லை. 1855-ல் 'சத்ய பிரகாஷ்' என்ற குஜராத்தி வாரப் பத்திரிகை தொடங்கினார்.

அவர் பிறந்த வைணவப் பிரிவின் குருமார்களுக்கு 'மகராஜ்' என்று பெயர். பரம்பரைப் பதவி. பக்தர்களின் பணத்தை மட்டுமல்ல, அவர்கள் வீட்டுப் பெண்களையும் இவர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1860 அக்டோபர் 21 இதழில் வெளிப்படையாக எழுதினார். ஜதுநாத்ஜி மகராஜின் பெயரையும் போட்டார். 1861-ல் மகராஜ் 50,000 ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அந்தக் காலத்து 50,000!

இங்கேதான் கட்டுப்பாடு வருகிறது. பாட்டியா சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டு, மகராஜுக்கு எதிராக யாரும் சாட்சி சொல்லக் கூடாது, சொன்னால் சாதி விலக்கு என்று முடிவெடுத்தார்கள். கர்சன்தாஸ் விடவில்லை. சாட்சிகளை மிரட்டிய சதி என்று வழக்குப் போட்டார். ஒன்பது பேருக்கு அபராதம் விழுந்தது.

1862 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. மகராஜுக்குத் தான் பால்வினை நோய்க்குச் சிகிச்சை அளித்ததை டாக்டர் பாவு தாஜி கூண்டில் ஏறிச் சொன்னார். ஏப்ரல் 22-ல் தீர்ப்பு. எழுதியது உண்மைதான் என்று கர்சன்தாஸ் பக்கம் முடிந்தது. செலவுத் தொகையாக அவருக்கு 11,500 ரூபாய் கிடைத்தது. 1871-ல், 39 வயதில் இறந்துவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் சயின்டாலஜி அமைப்பைப் பற்றி 1991-ல் 'டைம்' இதழில் ரிச்சர்ட் பெஹர் எழுதியதற்கு, அந்த அமைப்பு 41.6 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1996-ல் தள்ளுபடி ஆனது. இந்த மகராஜ் வழக்கையே கதையாக வைத்து எடுத்த 'மகராஜ்' படத்துக்கு 2024 ஜூனில் குஜராத் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, சில நாளில் நீக்கியது.

கர்சன்தாஸ் சாமி இல்லை என்று சொன்னவர் அல்ல. சாமி பெயரால் நடந்ததைக் கேட்டவர். ஆனால் அவர் எழுதியது மட்டும் போதவில்லை. சாதி விலக்குக்குப் பயப்படாமல் கூண்டில் ஏறிச் சொல்ல ஆட்கள் வந்ததால்தான் அது நின்றது.

ஊர்க் கூட்டத்தில் ஒருத்தர் தனியாக எழுந்து கேள்வி கேட்டபோது, நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்த பிறகு அதுதான் உறுத்துகிறது. நீங்க எப்படி?