எண்ணெயில் மறையும் பச்சை: அஜந்தாவின் ஒரு நிறமியும் அதன் படிகளும்

ஓவிய நுட்பம் பற்றிய நூல்களில் பச்சை மண்ணைக் குறித்து ஒரே தீர்ப்பு திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது: அது வலுவற்ற நிறமி. இது எண்ணெய் வண்ண ஓவியர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த தீர்ப்பு. ஆனால் அதே பச்சை மண் அஜந்தாவின் சுவர்களில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பச்சையாகவே நிற்கிறது. குறை கல்லில் உள்ளதா, அதைக் குழைத்த ஊடகத்தில் உள்ளதா? இதற்கான விடை, அஜந்தாவை நாம் எந்தக் கண்கொண்டு பார்க்கக் கற்றோம் என்பதையும் தொடுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பச்சை மண் பெரும்பாலும் செலடோனைட், கிளாக்கோனைட் என்னும் இரு கனிமங்களால் ஆனது. இவற்றின் நிறத்துக்குக் காரணம் இரும்பு. செம்பிலிருந்து பெறப்படும் மலக்கைட், வெர்டிகிரிஸ் ஆகியவற்றின் ஒளிர்வு இதற்கு இல்லை. எனினும் வெளிச்சத்தாலும் காற்றாலும் இது எளிதில் மாறுவதில்லை. ஐரோப்பாவில் புகழ்பெற்ற பச்சை மண் இத்தாலியின் வெரோனாவுக்கு அருகிலுள்ள மோந்தே பால்டோ மலையிலிருந்து வந்தது. தக்காணத்திலோ, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறையின் துளைகளில் செலடோனைட் படிந்து கிடக்கிறது. அஜந்தாக் குகைகள் குடையப்பட்டதும் அதே பாறையில்தான்.

இனி ஊடகத்துக்கு வருவோம். ஈர மாக்கோலம் இடும்போது கோடு மங்கலாகவே தெரியும். காய்ந்த பின்னரே வெண்மை துலங்கும். மாவு மாறவில்லை, துகள்களுக்கு இடையே இருந்த நீர் போய்க் காற்று வந்தது, அவ்வளவே. துகளுக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு மிகுந்தால் ஒளி மிகுதியாகச் சிதறித் திரும்பும். அடியில் உள்ளது மறையும். ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.48. ஈய வெள்ளைக்கு அது ஏறத்தாழ 2.0, ஆகவே எண்ணெயிலும் அது நன்றாக மறைக்கிறது. பச்சை மண்ணுக்கு அது 1.6 அளவில் நிற்பதால், எண்ணெயில் குழைத்தவுடன் துகள் கண்ணாடிபோல் ஊடுதெரியும். நிறம் இருண்டு, அடியில் உள்ள படலத்துக்கு வழிவிடும். போதாக்குறைக்கு இது எண்ணெயை மிகுதியாக உறிஞ்சும்; காலப்போக்கில் அந்த எண்ணெயின் மஞ்சள் பச்சையைப் பழுப்பாக்கும். அஜந்தாச் சுவரிலோ பசை மிகக் குறைவு. துகள்களைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் காற்று. அதன் ஒளிவிலகல் எண் 1. வேறுபாடு பன்மடங்கு கூடுவதால் பச்சை அங்கே வெளிறி, மென்மையாக, திண்மையோடு தெரிகிறது.

ஐரோப்பிய ஓவியர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல், மேனி நிறத்துக்கு அடித்தளமாகப் பச்சை மண்ணைப் பூசச் சொல்கிறது. அது முட்டைக்கரு கொண்டு தீட்டிய காலம். மேலிருந்த இளஞ்சிவப்புப் படலம் தேய்ந்துபோன பலகை ஓவியங்களில் இன்று கன்னியின் முகம் பச்சையாகத் தெரிவது இதனால்தான். எண்ணெய் பரவியபின் இந்நிறமி பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் வெர்மீர், இன்று லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ள தம் பிற்கால ஓவியங்கள் இரண்டில், பெண்களின் முகநிழலுக்கு இதையே கையாண்டார். பிறர் குறையெனக் கண்டதை அவர் குணமாகப் பயன்கொண்டார் என்று கொள்ளலாம்.

இந்தப் பின்னணியோடு அஜந்தாவின் படிகளைப் பார்க்க வேண்டும். சென்னை ராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி 1844 முதல் அச்சுவரோவியங்களைக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் படியெடுத்தார். அவற்றின் பெரும்பகுதி 1866இல் சிடன்ஹாம் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தது. பின்னர் பம்பாய் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களுடன் 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தார். ஊடகம் மீண்டும் எண்ணெய். 1885இல் லண்டனில் நேர்ந்த தீ அவற்றிலும் பலவற்றைக் கொண்டது. தீயின் இழப்பைப் பலரும் எழுதியுள்ளனர். தீக்கு முன்பே நேர்ந்த இழப்பு பேசப்படுவதில்லை. படியெடுத்தவர் எந்தப் பச்சையைக் கையாண்டாலும், ஏன், தக்காணப் பாறையிலிருந்தே எடுத்து அரைத்திருந்தாலும், எண்ணெயில் அது சுவரின் பச்சையாக நின்றிருக்காது. கோட்டையும் உருவத்தையும் அப்படிகள் கொண்டுவந்தன; ஒளியற்ற, உலர்ந்த அந்த மேற்பரப்பை அவற்றால் கொண்டுவர இயலவில்லை.

இதனினும் கவலைக்குரியது, எண்ணெயின் கண் சுவருக்கே திரும்பி வந்தது. உருவங்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் படியெடுத்தோர் சுவரின்மேல் வார்னிஷ் பூசினர். 1920களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்களும் அரக்கு வார்னிஷ் பூசினர். துகளிடைக் காற்றை வெளியேற்றிப் பிசின் அமர்ந்தது, சுவரோவியம் எண்ணெய் ஓவியம்போல் இருண்டு பளபளத்தது, பிறகு மஞ்சளித்தது. அதை மெல்ல நீக்கும் பணி தொல்லியல் துறையின் வேதியியலாளர்களுக்கு நெடுங்காலச் சுமையாயிற்று.

இவ்வரலாற்றில் ஒருவர் மாறுபட்டு நிற்கிறார். 1909க்கும் 1911க்கும் இடையில் அஜந்தாவில் படியெடுத்த கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம், அதற்கு முன்பே, 1899இல், சென்னினியின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். எண்ணெய்க்கு முந்திய முறைகளைத் தம் கையாலேயே மீட்டறிய முயன்றவர். நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார் போன்ற இளம் ஓவியர்கள் அவருடன் பணியாற்றினர். பச்சை மண்ணை எண்ணெயின் அளவுகோலால் அளக்காத ஒருவர் அச்சுவரின் முன் நின்றது அப்போதுதான் என்பது என் கருத்து.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஜந்தாவின் வண்ணத்தைப் பற்றி எழுதுமுன், நீங்கள் பார்ப்பது சுவரா, படியா, வார்னிஷ் பூசிய காலத்து நிழற்படமா என்று முதலில் கேளுங்கள். ஒரு நிறமியை வலுவற்றது என்று சொல்லுமுன், எதில் குழைத்தபோது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறமியின் வரலாறு ஊடகத்தின் வரலாறுமாகும்.