உயிருள்ள ஆமையின் விலை

சீஷெல்ஸ் தீவுகளைப் பார்க்கப் போகிறவர்களிடம், மனிதக் கை படாததால் பிழைத்த சொர்க்கம் என்றே சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. 1770இல் செயின்ட் ஆன் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த முதல் குடியேற்றத்தில் இந்தியர்களும் அடிமைகளும் இருந்தார்கள். தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பேராமை, கப்பல்காரர்களுக்குக் கெட்டுப்போகாத இறைச்சி. ஆயிரக்கணக்கில் மொரீஷியசுக்கு ஏற்றி அனுப்பினார்கள். நூறு ஆண்டுகளுக்குள் மாஹே, பிராலின் போன்ற உள்தீவுகளின் காடுகளில் ஆமை இல்லாமல் போயிற்று. பிராலினின் இரட்டைத் தேங்காயும் தப்பவில்லை; நம் ஆண்டிகள் கையில் ஏந்திய திருவோடுகளில் பல அந்த ஓடுகள்தாம். அங்கே எஞ்சியிருப்பதெல்லாம் மனிதர்கள் பிறகு எடுத்த முடிவுகளால் எஞ்சியவை என்பதே என் கருத்து.

அல்டாப்ரா இதற்கு விலக்கில்லையா என்று கேட்கலாம். மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நன்னீர் அரிதான அந்தப் பவளத்தீவில் இன்று லட்சம் ஆமைகள் இருக்கின்றன. தூரம் காத்தது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அங்கும் ஆமைகள் அருகியதால்தான் 1874இல் டார்வினும் ஹூக்கரும் மற்ற அறிஞர்களும் மொரீஷியஸ் ஆளுநருக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுதினார்கள். 1960களில் பிரிட்டன் அங்கே ராணுவ விமானதளம் கட்டத் திட்டமிட்டபோது அந்தத் தூரமே அதற்குத் தகுதியாகிவிட்டது. லண்டன் ராயல் சொசைட்டியின் அறிஞர்கள் எதிர்த்து நின்றார்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டதும் திட்டம் கைவிடப்பட்டது. பணமுடைதான் காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த நாள் வரை அதைச் சத்தமில்லாமல் நடக்கவிடாமல் வைத்தது எதிர்ப்புதான். ஆனால் தளம் சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் எழுந்தது, அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்கள் விரட்டப்பட்டார்கள். ஆமைக்குக் கிடைத்த வழக்கறிஞர்கள் அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அல்டாப்ராவின் வெற்றியைச் சொல்லும் எவரும் இதை விட்டுவிடக் கூடாது.

1968இல் சீஷெல்ஸின் கூசான் என்ற தென்னந்தோப்புத் தீவைப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கியது. உலகில் முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருந்த சீஷெல்ஸ் கதிர்க்குருவிக்கு அதுதான் கடைசிப் புகலிடம். தென்னையைக் கட்டுப்படுத்தியதும், நம் லச்சைகெட்ட கீரை மரத்தின் உறவான பிசோனியா காடாக எழுந்தது. குருவி இன்று ஐந்து தீவுகளில் பாடுகிறது. எலி வந்துவிடக் கூடாது என்று பார்வையாளர்களை நடுக்கடலில் தீவின் சொந்தப் படகுக்கு மாற்றியே கரையேற்றுகிறார்கள். 1971இல் மாஹேயில் சர்வதேச விமான நிலையம் திறந்தபின் இப்படி வருகிறவர்கள் பெருகினார்கள். 1979இல் நிறுவப்பட்ட சீஷெல்ஸ் தீவுகள் அறக்கட்டளை, பிராலினின் மே பள்ளத்தாக்கில் இரட்டைத் தேங்காய்க் காட்டைப் பார்க்க வருகிறவர்களின் நுழைவுக் கட்டணத்தில் அல்டாப்ராவையும் பராமரிக்கிறது. கட்டணம் செலுத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பவளத்தீவைப் பார்க்கப்போவதில்லை.

அந்தப் பயணிகளைச் சுமந்துவரும் விமானங்களின் புகையும் கடலைச் சூடாக்குகிறதே என்பது வலுவான மறுப்பு. 1998இல் கடல்நீர் சூடேறி உள்தீவுகளின் பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் பயணிகளே வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது: விமானங்கள் நின்றன, மே பள்ளத்தாக்கின் வாசலில் சீட்டு வாங்க ஆளில்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அல்டாப்ராவில் காவல் இருப்பவர்களின் செலவுக்கான வழியும் அந்த வாசலிலேயே அடைபட்டது.