126 உண்ணிகளில் 77

மாட்டு உண்ணி, நாய் உண்ணி நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் மான் உண்ணி என்று ஒன்று உண்டு. எள் அளவுதான், ஆனால் கடித்தால் லைம் நோய் வரலாம். எல்லா உண்ணியும் நோய் தருமா, நூற்றுக்கு எத்தனையில் கிருமி இருக்கும் என்று தேடப்போய் இந்தக் கதை சிக்கியது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்டு லைம் என்ற ஊர். அங்கே பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. மூட்டுவாதம் என்றார்கள் டாக்டர்கள். பாலி மர்ரே என்ற அம்மாவின் வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு தொல்லை. எல்லாம் மனப்பிரமை என்றுகூட அவரிடம் சொன்னார்கள். அவர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இப்படி என்று பட்டியல் போட்டு, 1975இல் சுகாதாரத் துறையிடம் போனார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் வந்து விசாரித்ததில் 39 குழந்தைகள், 12 பெரியவர்கள்! உண்ணி மேல் சந்தேகம் விழுந்தது. கிருமிதான் அகப்படவில்லை.

1981இல் மொன்டானாவில் வில்லி பர்க்டார்ஃபர் வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். தேடியது இல்லை. சுருள் சுருளாக வேறு பாக்டீரியா! 126 உண்ணிகளில் 77இல் இருந்தது, அதாவது 61 சதவீதம். கிருமிக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆடிட்டிங் படிக்கிறவர்களுக்கு உடனே உறுத்தும்: ஒரு தீவின் சாம்பிளை வைத்து நாடு முழுவதற்கும் சொல்லலாமா? கூடாதுதான். முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சிடம் இந்தக் கிருமி கிடையாது. யார் ரத்தத்தைக் குடிக்கிறதோ, அங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது. கிழக்கே பெரும்பாலும் அது வெள்ளைக்கால் சுண்டெலி. (பாவம் மான், பெயர் மட்டும் கெட்டுப்போச்சு. அதனிடமிருந்து கிருமி தொற்றுவதில்லை.) இரண்டு முறை ரத்தம் குடித்து வளர்ந்த உண்ணிகளில் பல இடங்களில் பாதிக்குக் கிருமி இருக்கும். கலிஃபோர்னியாவிலோ பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அங்கே இளம் உண்ணிகள் ஓணான் மாதிரி ஒரு பல்லியைக் கடிக்கின்றன. அதன் ரத்தமே கிருமியைக் கொன்றுவிடுகிறது என்று 1998இல் கண்டுபிடித்தார்கள்.

எனக்குப் பிடித்த சோதனை 1990இல் வெளிவந்தது. லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் 1940களில் பிடித்துப் பாதுகாத்து வைத்திருந்த உண்ணிகளில் இந்தக் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்தது. அங்கிருந்து கடலைத் தாண்டினால் எதிர்க்கரை கனெக்டிகட். பாலி மர்ரே பட்டியல் எழுத உட்காருவதற்கு முப்பது வருஷம் முன்பே பிடித்த உண்ணிகள் அவை.