ஷரீஷ் என்னும் பெயர்

நம் அரபு மத்ரஸாக்களில் இலக்கியம் ஓதியோர்க்கு 'மகாமாத்துல் ஹரீரி' புதிய நூலன்று. ஐம்பது மகாமாக்களையும் முற்ற ஓதியவர் சிலரே. முதல் பத்தினுள்ளேயே மூச்சு வாங்கியவர் பலர். பஸரா நகரத்து ஹரீரி (வஃபாத்து ஹிஜ்ரி 516, கி.பி. 1122) சொல்லை வைத்து ஆடிய ஆட்டம் அத்தகையது. அவ்வாட்டத்தைப் பிற்காலத்தவர்க்கு விளக்கிக் காட்டிய உரையாசிரியர்களுள் தலைசிறந்தவர் அபுல் அப்பாஸ் அஹ்மத் அஷ்-ஷரீஷீ. ஹிஜ்ரி 557இல் பிறந்து 619இல் (கி.பி. 1222) மறைந்த இப்பெரியார், ஒரே நூலுக்குப் பேருரை, இடையுரை, சிற்றுரை என மூன்று உரைகள் எழுதினார். பேருரையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப் புகுவோர் கவிதை, வரலாறு, பழமொழி, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர இயலும்.

ஷரீஷீ என்றால் ஷரீஷ் ஊரார் என்பது பொருள். அந்த ஷரீஷ் எங்கே உளது? ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கில், அட்லாண்டிக் கரையிலிருந்து சிறிது உள்ளே உளது. ஸ்பானியர் அதனை ஹெரெஸ் என்பர். பழைய ஸ்பானிய மொழியில் அவ்வெழுத்துக்கு 'ஷ' ஒலி இருந்தமையால், ஆங்கிலேய வணிகர் காதில் அது ஷெரெஸ் என விழுந்து, ஷெர்ரி ஆயிற்று. ஆம், ஷெர்ரி என்று உலகெங்கும் விற்கப்படும் மதுவின் பெயர் நம் உரையாசிரியரின் ஊர்ப் பெயரே. உலகில் நூறு பேரிடம் அச்சொல்லைச் சொன்னால், தொண்ணூற்றொன்பது பேர்க்குப் புட்டி நினைவுக்கு வரும். எஞ்சிய ஒருவர்க்காவது நூல் நினைவுக்கு வருமா என்பது ஐயமே.

இந்த நினைவோடுதான் நாம் அவ்வட்டாரத்துக் கடற்கரை நகரொன்றில் மூன்று இரவுகள் தங்கினோம். ஷெர்ரிக்குப் பெயர் போன ஊர்கள் மூன்று: ஹெரெஸ், சான்லூக்கார், எல் புவேர்த்தோ தெ சாந்தா மரியா. நாம் தங்கியது மூன்றாவது ஊரில். காதிஸ் நகரிலிருந்து விரிகுடாவைக் குறுக்கே கடந்து செல்லும் படகு, அரை மணி அளவில் ஓர் ஆற்று முகத்துள் நுழைந்து ஊரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. அந்த ஆற்றின் பெயர் குவாதலேத்தே. முதற்பகுதி நம் 'வாதி' என்னும் அரபுச் சொல்லே. ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தாரிக் இப்னு ஸியாத், விஸிகோத் மன்னன் ரொட்ரிக்கை வென்ற போர் வாதி லக்காவில் நிகழ்ந்தது என்பர் அரபு வரலாற்றாசிரியர். அது இந்த ஆறே எனக் கொள்வார் பலர். தெற்கே வேறோர் ஆற்றையும் ஏரியையும் சுட்டுவாரும் உளர். படகு அணையும் இடத்தில் இன்று உல்லாச ஓடங்களும் மீன் உணவுக் கடைகளுமே உள்ளன.

முஸ்லிம்கள் காலத்தில் இவ்வூருக்கு அல்-கனாதிர் என்று பெயர். 'கன்தரா' என்பதன் பன்மை. பாலங்கள், வளைவுகள் என்று பொருள். உரோமர் விட்டுச்சென்ற கட்டுமானங்களின் எச்சத்தைக் கண்டு அரபிகள் இட்ட பெயர். காஸ்டிலியர் நாவில் அது அல்கனாத்தே ஆயிற்று. ஊர் சிறியதுதான், ஷரீஷைச் சார்ந்த துறை. ஆயினும் காஸ்டிலிய மன்னன் பத்தாம் அல்ஃபோன்ஸோவுக்கு அது வேண்டியிருந்தது. கடல் கடந்து மராக்கிஷ் நாட்டின் மேல் படை நடத்தும் கனவு அவனுக்கு இருந்தது. 1260ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளை ஒட்டிய நாளில், அவன் கப்பற்படை மொராக்கோவின் ஸலா நகரைத் தாக்கிக் கொள்ளையிட்டு மக்களைச் சிறை கொண்டு போனது. அத்தகைய கப்பல்களுக்கு ஒரு துறை தேவைப்பட்டது.

இந்தப் பெயர் மாற்றத்தின் வரலாற்றை அல்ஃபோன்ஸோவே பாட்டில் எழுதுவித்திருக்கிறான். மர்யம் அம்மையார் மீது அவன் அவையில் தொகுக்கப்பட்ட நானூறுக்கு மேற்பட்ட பாடல்களில் ஏறத்தாழ இருபத்துநான்கு இவ்வூரைப் பற்றியவை. அவற்றுள் ஒன்று கூறும் செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அல்கனாத்தேயைக் கிறிஸ்தவப் படையினர் 'சாந்தா மரியா துறை' என்று அழைக்கத் தொடங்கினராம். ஷரீஷின் முஸ்லிம் அதிகாரி சினந்து, புதுப் பெயரை உச்சரிப்போரைத் தண்டித்தானாம். ஆயினும் பெயர் பரவியதாம். முடிவில் ஊரையே மன்னனுக்கு விட்டுக்கொடுத்தானாம். வென்றவன் எழுதுவித்த பாட்டு; அதனை அப்படியே வரலாறாகக் கொள்ளல் ஆகாது. ஆனாலும், நிலம் கைமாறுமுன் பெயர் கைமாறியது என்பதை வென்றவனே பெருமையாகச் சொல்கிறான். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை நாமும் போற்றுகிறோம். அவர் பெயரில் நமக்கு மனக்குறை இல்லை. குறையெல்லாம் அழிந்த பெயரைப் பற்றியதே.

1264இல் அந்நாட்டு முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடங்கியதும் ஷரீஷ் முற்றாக வீழ்ந்தது. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர், கிரனாடாவுக்கும் கடல் கடந்தும் சென்றனர். 1281இல் அல்ஃபோன்ஸோ புதிய குடியேற்றச் சாசனம் வழங்கினான். நம் ஷரீஷீ மறைந்து அப்போது அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

ஊரின் நடுவே சான் மார்க்கோஸ் கோட்டை நிற்கிறது. வெளியே இருந்து பார்த்தால் போர்க் கோட்டை, உள்ளே தேவாலயம், அதன் உள்ளே பள்ளிவாசல். பத்தாம் அல்லது பதினோராம் நூற்றாண்டில் எழுந்த பள்ளியை இடிக்காமல் அதைச் சுற்றியும் அதன் மேலும் அல்ஃபோன்ஸோ தன் அரண் தேவாலயத்தைக் கட்டினான். உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த அரையிருள். ஒன்றோடொன்று ஒவ்வாத தூண்கள். உரோமர் கட்டடங்களிலிருந்து எடுத்தவை பல. அவற்றின்மேல் குதிரை லாட வடிவ வளைவுகள். தென்கிழக்கே நோக்கிய கிப்லாச் சுவரும் அதில் மிஹ்ராபும் இன்றும் உள்ளன. கூடம் பெரிதன்று, நம் ஊர்த் தெருப்பள்ளி ஒன்றின் அளவே இருக்கும். குர்துபாப் பெரும் பள்ளியைக் கண்டு மலைத்து நிற்பவர்க்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. நமக்கு இதுதான் நெஞ்சைத் தொட்டது. அங்கே கலீஃபாக்கள் தொழுதனர். இங்கே மீனவரும் உப்பளத்தாரும் தொழுதிருப்பர்.

இந்த மாற்றத்தைச் செய்த தலைமைக் கட்டடக் கலைஞர் யார்? அல்ஃபோன்ஸோவின் பாடல்களில் ஒன்றே அவர் பெயரைச் சொல்கிறது: மேஸ்திரி அலீ! தேவாலயத்திற்குக் கல் தேடியபோது செதுக்கிய கற்கள் மண்ணுள் கிடைத்த செய்தியில் அவர் வருகிறார். அலீ என்னும் பெயருடையவர் பள்ளியைத் தேவாலயமாக்கினார். அவர் சிறைப்பட்டவரா, கூலிக்கு வந்தவரா, மனம் ஒப்பிச் செய்தாரா, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாரா என்று எந்த ஏடும் கூறவில்லை. மிஹ்ராபு மட்டும் இடிபடாமல் நிற்கிறது. அதற்கு அவர்தாம் காரணம் என்று சொல்ல நமக்குச் சான்றில்லை. அவ்வாறு எண்ணிக்கொள்ள யாரும் தடையும் இல்லை.

கடந்த நூற்றாண்டில் இக்கோட்டை ஒரு மது நிறுவனக் குடும்பத்தின் கைக்கு வந்தது. கோட்டையைச் சுற்றிக் காட்டும் பயணம் மதுச் சுவைப்போடு முடிவது வழக்கமாயிற்று. மிஹ்ராபின் முன் நின்றவர்கள் சற்று நேரத்தில் கிண்ணத்தோடு நிற்பர். நமக்கு வேண்டாம் என்றதும் வழிகாட்டிய பெண்மணி முகம் சுளிக்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கேட்டு நம் அன்பர்கள் சிலர் கொதிப்பர். கொதிப்பதற்கு முன் ஒன்றை நினைக்க வேண்டும். பராமரிப்பு இல்லாதிருந்தால் இக்கூடம் எப்போதோ மண்மேடாகியிருக்கும். நம் நாட்டிலேயே கல்வெட்டோடு சாய்ந்து கிடக்கும் பழம் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் கோபம் பாதி அடங்கும். மீதிப் பாதி நமக்கும் அடங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஹெரெஸில் 1970களில் கட்டப்பட்ட மாபெரும் மதுக் கிடங்கு ஒன்றுக்கு, குர்துபாப் பள்ளியைப் போன்ற வளைவு வரிசைகளை அமைத்து, 'பள்ளிவாசல்' என்றே பெயரும் வைத்திருக்கின்றனர். இகழ்ச்சி கருதி வைத்த பெயரன்று. அழகு கருதி வைத்தது. எனினும் அப்பெயரைக் கேட்கும் முஸ்லிமின் காது எப்படி எரியும் என்று அங்கே எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணிச் சொல்ல வேண்டிய பழைய முஸ்லிம் குடிகள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுவிட்டனரே!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தத் திராட்சைக் கொடிகளைக் கிறிஸ்தவ மன்னர்கள் நட்டதாக எண்ணிவிடக் கூடாது. முஸ்லிம்கள் ஆண்ட ஐந்நூறு ஆண்டுகளும் ஷரீஷின் வெண்ணிறச் சுண்ணமண்ணில் திராட்சை விளைந்தது. ஸிஸிலியில் இருந்து 1154இல் தம் நூலை முடித்த புவியியலறிஞர் அல்-இத்ரீஸீ, திராட்சையும் ஒலிவமும் அத்தியும் சூழ்ந்த ஊர் என ஷரீஷைக் குறிக்கிறார். கலீஃபா இரண்டாம் ஹகம் 966இல் கொடிகளை வெட்டுமாறு ஆணையிட்டதாகவும், படையினர்க்கு உலர்திராட்சை வேண்டும் என்று ஊரார் முறையிட, மூன்றில் ஒரு பங்கோடு வெட்டு நின்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்த ஆணைக்குத் தேவை இருந்தது என்பது உண்மை. அன்தலுஸ் கவிஞர்களின் திவான்களைப் புரட்டினால், பலர் மதுவைப் பாடியது உவமைக்காக மட்டுமன்று என்பது விளங்கும். அன்தலுஸ் என்றதும் கண்ணீர் வடிக்கும் நம் மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பக்கத்தை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

அல்-இத்ரீஸீயின் நிலப்படம் பின்னாளில் ஒரு விந்தையான பணிக்கு உதவியது. வேறு நாட்டு மதுக்களையும் ஷெர்ரி என்று விற்கலாமா என்னும் வழக்கு 1967இல் லண்டனில் நடந்தபோது, அப்பெயர் இவ்வூருக்கே உரியது என்பதற்கு அந்தப் படம் சான்றாகக் காட்டப்பட்டது என்பர். எண்ணூறு ஆண்டுக்கு முன் ஒரு முஸ்லிம் எழுதிய ஊர்ப்பெயரைத் தேடி எடுத்துப் பேணியவர்கள் மது வணிகர்கள்!

தங்குவோர்க்குச் சில சொற்கள். அமெரிக்க வாணிகத்தில் பொருள் குவித்தோர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய மாளிகைகள் பல அங்கே விடுதிகளாகியுள்ளன. நடு முற்றம், கிணறு, சுற்றிலும் அறைகள், தெருப்பக்கம் கம்பிச் சன்னல். காயல்பட்டினத்து வீட்டுக்குள் வந்த நினைவே வரும். முற்றத்துக் கிணற்றுத் தொட்டியை 'அல்ஹீபே' என்பர். அது நம் 'அல்-ஜுப்பு'. காலையில் ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் தக்காளிக் கூழும் தருவர். எண்ணெய்க்குப் பெயர் 'அஸெய்த்தே', அஸ்-ஸைத்து. 'நராஞ்ஜ்' என்ற அரபுச் சொல் வழியாகப் போன ஆரஞ்சுக்கு அங்கே 'நராங்ஹா'. அதன் வேரை மொழியறிஞர் நம் நார்த்தங்காய்ப் பக்கம் கொண்டுவந்து சேர்ப்பர். மீனும் இறாலும் தாராளம். பொரிக்கும் எண்ணெய் பன்றி இறைச்சிக்கும் பொதுவா என்று கேட்டுக்கொள்க. ஷெர்ரிக் காடி என்று ஒன்று எல்லா மேசையிலும் இருக்கும். மது தானே காடியானால் ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பொருள் சேர்த்துக் காடியாக்கினால் ஹனஃபீ மத்ஹபில் ஆகும், ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. எனவே நம் கடற்கரை ஊர்க்காரர்கள் செய்முறையைக் கேட்டறிந்து கொள்வது நன்று.

நான்காம் நாள் இரயிலில் ஹெரெஸ் சென்றோம். சில நிமிடப் பயணமே. அங்குள்ள கோட்டை, முவஹ்ஹிதுகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. அதனுள் ஒரு சிறு பள்ளி. எண்கோணக் கூடம், செங்கல் குவிமாடம், மிஹ்ராபு, மினாரா, ஒளூச் செய்வதற்கான சிறு முற்றம். 1264க்குப் பின் அதுவும் தேவாலயமாக இருந்தது, இன்று காட்சிக்கூடம். ஷரீஷீ தம் உரைகளை எழுதிய காலத்தில் இவ்வூரில் நின்ற கட்டடம் அது. காவலரிடம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டோம். தெரியவில்லை என்றார், பெயரை எழுதித் தருமாறு ஒரு தாளை நீட்டினார். அரபியில் ஒரு வரியும் ஸ்பானிய எழுத்தில் ஒரு வரியுமாக எழுதிக் கொடுத்தோம். ஸ்பானிய வரியைப் படித்தவர், கடைசிச் சொல்லில் விரலை வைத்து, "இது எங்கள் ஊரின் பெயரல்லவா?" என்றார்.