பாதுகாப்பான நிற்குமிட இயக்கம்

பாதுகாப்பான நிற்குமிட இயக்கம் என்பது, மேல்மட்டக் கால்பந்து ஆட்டங்களைச் சட்டப்படி நின்று பார்க்க இடம் கேட்டு இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்கள் அரசிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நடத்திய நெடுங்காலப் போராட்டம். முதல் இரண்டு டிவிஷன்களில் ஆடும் கிளப்புகளின் மைதானங்களில் பார்வையாளர் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்ற விதி 1994இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் அது தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் ரசிகர்கள் நிற்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் இருக்கைக்கு முன்னாலேயே ஆட்டம் முடியும்வரை நின்றார்கள். இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

ஹில்ஸ்பரோ

விதியின் வேர் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த பேரழிவில் இருக்கிறது. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஆட இருந்தன. லெப்பிங்ஸ் லேன் வாயிலில் நெரிசல் கூடவே, காவல்துறை வெளியேறும் கதவொன்றைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் நேரே தெரிந்த சுரங்கவழியில் நடந்தார்கள். அது ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகள் இரண்டில் போய் முடிந்தது. கூண்டு என்பது உவமை அல்ல. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்காதபடி முன்னாலும் பக்கங்களிலும் உயரமான கம்பிவேலி அடித்திருந்தார்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ள, முன்னால் இருந்தவர்களுக்குப் போக வழியில்லை. காயத்தின் விளைவால் 2021இல் இறந்தவரையும் சேர்த்து 97 பேர் உயிரிழந்தனர்.

விசாரணைக்கு அமர்த்தப்பட்ட நீதிபதி பீட்டர் டெய்லர், கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் காவல்துறை தவறியதே முக்கியக் காரணம் என்று 1989 ஆகஸ்டில் வந்த இடைக்கால அறிக்கையிலேயே எழுதினார். பழி ரசிகர்கள் மேல் என்ற பொய்யைச் சில செய்தித்தாள்களும் அதிகாரிகளும் பரப்பியிருந்தார்கள். அது முழுமையாக உடைய 2016 வரை ஆனது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று அந்த ஆண்டு மரண விசாரணையின் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

1990 ஜனவரியில் வந்த இறுதி அறிக்கைதான் மைதானங்களை மாற்றியது. நின்று பார்ப்பது தன்னளவில் ஆபத்தானது அல்ல என்று டெய்லர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் எல்லோருக்கும் இருக்கை என்பதே பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் சிறந்த வழி என்று பரிந்துரைத்தார். நின்று பார்த்தவர்களின் சட்டைப்பைக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கைகள் கிடைக்க முடியும் என்றும் அவர் நம்பினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்பதை உதாரணம் காட்டினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. பிரீமியர் லீக் காலத்தில் டிக்கெட் விலை பன்மடங்கு ஏறியது. பழைய கேலரிகளில் நின்ற இளைஞர்களுக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஆட்டம் எட்டாமல் போனது என்ற மனக்குறை இயக்கத்துக்குள் எப்போதும் இருந்தது.

சாவி யார் கையில்

ரசிகர்கள் கால்பந்துச் சங்கத்தின் கதவைத் தட்டாமல் அரசியல்வாதிகளைத் தேடிப் போனதற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பு. 1989ஆம் ஆண்டுக் கால்பந்துப் பார்வையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மைதான உரிமத்தில் இருக்கை பற்றிய நிபந்தனையைச் சேர்க்கும்படி உரிம அமைப்புக்கு ஆணையிடும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. அந்த அமைப்பே இன்று விளையாட்டு மைதானப் பாதுகாப்பு ஆணையம் எனப்படுகிறது. ஆணை போட்ட அமைச்சரே அதை மாற்றலாம், புதுச் சட்டம் வேண்டியதில்லை. 1992இல் கீழ் இரண்டு டிவிஷன்களுக்கு விலக்கு அளித்ததும் ஓர் அமைச்சரின் முடிவுதான். எனவே அரசு மனம் வைத்தால் ஒரு கையெழுத்தில் முடியும் வேலை இது. அந்த ஒரு கையெழுத்துக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

கம்பி இருக்கை

இயக்கத்தைத் தொடக்கத்தில் தடுத்து நிறுத்தியது ஒரு படிமம். நிற்பது என்றதும் கேட்பவர் கண்முன் வந்தது பழைய கேலரி: இருக்கையே இல்லாத கான்கிரீட் படிகள், அங்கங்கே ஒரு தடுப்புக் கம்பி, கோல் விழுந்தால் அலைபோலச் சரியும் கூட்டம். இந்தப் படிமத்தை மாற்றியது ஜெர்மனியில் புழக்கத்தில் இருந்த ஓர் எளிய சாதனம். ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரத்தில் உறுதியான கம்பித் தடுப்பு, அதோடு சேர்ந்து மடங்கும் ஓர் இருக்கை, அவ்வளவே. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ரயில் சீட்’ என்ற பெயர் நம் காதில் ரயில்பெட்டியை நினைவூட்டும். ஆனால் இங்கே ‘ரயில்’ என்பது கம்பித் தடுப்பைக் குறிக்கிறது. ஓர் இருக்கைக்கு ஒருவர்தான் என்பதால் கூட்டம் மிஞ்ச வழியில்லை. யாராவது தடுமாறினாலும் முன்வரிசைக்காரர் முதுகில் விழாமல் கம்பி தாங்கும். சாதாரண பிளாஸ்டிக் இருக்கையின் முதுகு முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும், துள்ளிக் குதிப்பவரை அது தாங்காது, இடறிவிடும்.

இங்கேதான் வாதம் திசை மாறியது. ‘பழையபடி நிற்க விடுங்கள்’ என்ற கோரிக்கை, ‘எப்படியும் நிற்கிறார்கள், விழாமல் நிற்க வழி செய்யுங்கள்’ என்றானது. முன்னது ஏக்கம், அரசியல்வாதி அதைத் தட்டிக்கழிக்கலாம். பின்னது பாதுகாப்புப் புகார், அதைத் தட்டிக்கழிப்பவர் நாளை பதில் சொல்ல வேண்டிவரும். இயக்கத்தின் வெற்றியை விளக்க இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

2002இல் இரு ரசிகர் அமைப்புகள் இணைந்து உருவான கால்பந்து ஆதரவாளர் கூட்டமைப்பு இதை முன்னின்று நடத்தியது. மாதிரி இருக்கைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கிளப் நிர்வாகிகளையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அதில் நிற்க வைத்துக் காட்டினார்கள். லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் டான் ஃபாஸ்டர் 2010இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

பெரிய தயக்கம் லிவர்பூலில் இருந்தது. ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர் நிற்கும் யோசனையையே எதிர்த்தனர். அவர்களை எதிர்த்து வாதிட யாருக்கும் நா எழவில்லை, எழக்கூடாதுதான். 2017இல் லிவர்பூல் ரசிகர் சங்கமான ‘ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி’ வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் 88 விழுக்காட்டினர் கம்பி இருக்கைக்கு ஆதரவு தெரிவித்தனர். அதன்பின் ‘லிவர்பூல் ஒப்பாது’ என்று காரணம் சொல்வது அரசுக்கு எளிதாக இல்லை.

முன்மாதிரிகள்

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருக்கை விதி ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே இருக்கைக் கட்டாயம் லீக்கின் சொந்த விதி, அதையும் 2011இல் தளர்த்திவிட்டார்கள். கிளாஸ்கோ நகர மன்றம் 2015இல் அனுமதி தர, 2016இல் செல்டிக் கிளப்பின் மைதானமான செல்டிக் பார்க்கில் சுமார் 2,600 கம்பி இருக்கைகள் வந்தன. இங்கிலாந்தில் முதலில் செய்தது சிறிய கிளப்பான ஷ்ரூஸ்பரி டவுன். அது மேல் இரண்டு டிவிஷன்களில் இல்லாததால் விதி அதைத் தொடவில்லை. ரசிகர்களிடம் திரட்டிய பணத்தில் 2018இல் சில நூறு இருக்கைகளை நிறுவியது.

அதே 2018 ஏப்ரலில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப் 3,600 இருக்கைகளுக்கு அனுமதி கேட்டது. விளையாட்டுத் துறை அமைச்சர் டிரேசி கிரவுச் மறுத்தார். இந்தக் கோரிக்கை குரல் உயர்த்தும் சிறுபான்மையினருடையது என்ற பொருளில் அவர் பேசியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. நாடாளுமன்றத்துக்கான மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, ஜூன் 25 அன்று உறுப்பினர்கள் அதை விவாதித்தனர். கட்சி பேதமின்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் மாற்றத்தை ஆதரித்தனர். 2019 தேர்தல் அறிக்கையில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியே பாதுகாப்பான நிற்குமிடங்களுக்கு வாக்குறுதி அளித்தது.

விதி தளர்ந்தது

செல்சீ, மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம், கார்டிஃப் சிட்டி ஆகிய ஐந்து கிளப்புகளுக்கு 2022 ஜனவரி 1 முதல் சோதனை அனுமதி கிடைத்தது. முதல் ஆட்டம் மறுநாள், செல்சீயின் மைதானத்தில். வந்த அணி லிவர்பூல். ஆட்டம் 2–2 என்று சமனில் முடிந்தது. சோதனையை ஆராய்ந்த அறிக்கை சாதகமாக அமையவே, அந்த ஜூலையில் அரசு மற்ற கிளப்புகளுக்கும் வழி திறந்தது. பிரென்ட்ஃபோர்ட், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், வுல்வர்ஹாம்ப்டன் ஆகியவை அடுத்துச் சேர்ந்தன.

நிபந்தனைகள் கறாரானவை. ஒருவருக்கு ஓர் இடம், உள்ளூர் ரசிகர், வெளியூர் ரசிகர் இரு தரப்புக்கும் பகுதி, கண்காணிப்புக் கேமரா, பயிற்சி பெற்ற பணியாளர்கள். உட்கார விரும்புபவர் எந்நேரமும் உட்கார முடிய வேண்டும் என்பதால் இருக்கையைப் பூட்டிவைக்கக் கூடாது. ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்தத் தடை 1985 முதல் உள்ளது, அது அப்படியே நீடித்தது.

ஆன்ஃபீல்ட் மைதானத்தின் புகழ்பெற்ற ‘காப்’ கேலரியில் ரசிகர்கள் கடைசியாகச் சட்டப்படி நின்றது 1994 ஏப்ரல் 30 அன்று. நார்விச் சிட்டி அன்று 1–0 என்று வென்றது. ஹில்ஸ்பரோ குடும்பங்களிடமும் உயிர்பிழைத்தவர்களிடமும் கலந்து பேசிய பிறகு, 2021இல் லிவர்பூல் கிளப் அதே கேலரியில் கம்பி இருக்கைகளைப் பொருத்தியது.